அந்த இணைப்பை புள்ளையே கண்டுபிடிக்கட்டும்

எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்திருக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு மேல புள்ளைங்கள வீட்டுலயே படிக்க வைக்கிறவங்க, மத்தவங்க அதப்பத்தி யோசிச்சிட்டு இருக்கறவங்க, அதனால ஹோம்ஸ்கூலிங்னா என்ன, ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலங்கறதெல்லாம் பேசப்போறதில்ல, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். புள்ள ஒரு புத்தகத்த மூடி வச்சதும் நாம என்ன பண்றோம்? "இதுலேருந்து என்ன தெரிஞ்சுகிட்ட? போன வாரம் படிச்சோமே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லு பாப்போம்"னு கேக்கறோம், கேட்டுட்டு கொஞ்ச நேரம் கூட பொறுக்கறதில்ல, பதிலையும் நாமளே சொல்லிடறோம். அத விட்ருங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

மிளகை எடுத்துக்கோங்க. எங்க பொண்ணு கொஞ்சம் கொஞ்சமா சங்கப் பாட்டு படிச்சிட்டு இருந்தா, அகநானூறு 149ஆம் பாட்டுல சேர நாட்டுப் பேரியாத்துல நுரை கலங்க யவனர், அதாவது மேற்குலேருந்து வந்த வெளிநாட்டுக்காரங்க, அவங்க கப்பல் வருது, பொன்னோட முசிறித் துறைமுகத்துக்கு வந்து மிளகோட திரும்பிப் போகுது. படிச்சா, அவ பாஷையில எனக்கு சொல்லிக் காட்டினா, அவ்ளோதான், நானும் எதுவும் கேக்கல. ரொம்ப நாள் கழிச்சு ரோம் வரலாறு படிக்கறப்போ கி.பி. 408 வருது, விசிகோத்ங்கற ஜெர்மானிய இனத்துத் தலைவன் அலாரிக் ரோம் நகரத்த முற்றுகை போட்டு, விட்டுட்டுப் போகணும்னா இதெல்லாம் குடுன்னு லிஸ்ட் போடறான்: 5,000 பவுண்ட் தங்கம், 30,000 பவுண்ட் வெள்ளி, 4,000 பட்டுச் சட்டை, கூடவே 3,000 பவுண்ட் மிளகு. படிச்சிட்டு இருந்தவ எந்திரிச்சு நேரா அடுப்படிக்கு வந்துட்டா. "அம்மா, தங்கத்தோட சேத்து மிளகும் கேட்டிருக்கான்! அது முசிறிலேருந்து போன மிளகா இருக்குமா?"

அந்த ரெண்டு விஷயமும் எனக்கு முன்னாடியே தெரியும். பாட்டு படிச்ச அன்னிக்கே அலாரிக் கதைய சொல்லியிருக்கலாம், அவளும் தலைய ஆட்டிட்டு மறந்திருப்பா. அவளே கண்டுபிடிச்சதாலதான் அடுத்தடுத்து கேள்வி வந்துச்சு: அவ்ளோ தூரம் கப்பல் எப்படி வந்துச்சு? அதுக்கு பருவக்காத்து பத்தி தேடிப் படிச்சா, தென்மேற்குக் காத்துல வந்து, அது திரும்பி வடகிழக்குலேருந்து அடிக்கறப்போ ஊருக்குப் போவாங்கன்னு புரிஞ்சுகிட்டா. அப்புறம் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ்ங்கற ரோமானியக் காசு போகுதேன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினத பாத்துட்டு, "வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ, 79ல செத்துப்போனாரே, அவரா இவரு!"ன்னா. எழும்பூர் மியூசியத்துல ரோமானியக் காசு இருக்குன்னு மட்டும் நான் சொன்னேன், கூட்டிட்டுப் போனேன், என் பங்கு அவ்ளோதான்.

இங்க ஒண்ண கவனிங்க. அந்த ரோம் வரலாறு புத்தகம் "அலாரிக் ஏராளமான செல்வம் கேட்டான்"னு ஒரே வரியில முடிச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? சுருக்கி எழுதற புத்தகம் மொதல்ல வெட்டறது இந்த மாதிரி மிளகைத்தான், புள்ளை மனசு போய் பிடிச்சுக்கறதும் இந்த மாதிரி மிளகைத்தான். அதனால துணுக்கு துணுக்கா பொது அறிவு குடுக்கற புத்தகத்த அடுக்கி வைக்காதீங்க, ஒரு விஷயத்துல ஊறிப்போன ஒருத்தர் நிதானமா, ஆசையா எழுதின முழுப் புத்தகத்த குடுங்க.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சதில்ல. இங்கிலாந்துல சார்லட் மேசன்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1842ல பொறந்து 1923ல இறந்தவங்க, ஆம்பிள்சைடுங்கற ஊர்ல 1892ல ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க, வீட்டுல புள்ளைங்கள படிக்க வைக்கிற குடும்பங்களுக்கு பாடத்திட்டம் தபால்ல போகும். கல்விங்கறதே உறவுகளோட அறிவியல்னு அவங்க சொன்னாங்க, அதாவது மண்ணு, நட்சத்திரம், பழைய காலத்து மனுஷங்கன்னு எல்லாத்தோடயும் புள்ளைக்கு ஒரு உறவு உண்டாகணும், அத அது தானே உண்டாக்கிக்கணும். அந்தக் காலத்துல ஜெர்மன் தத்துவவாதி ஹெர்பார்ட்டோட வழி வந்த ஆசிரியர்கள், ராபின்சன் குரூசோ கதைய நடுவுல வச்சு கணக்கு, எழுத்து, கடல், கப்பல்னு எல்லாப் பாடத்தையும் அதுலயே கோத்து நடத்தினாங்க. மேசன் அத ஒத்துக்கல. கோக்கற வேலைய டீச்சரே செஞ்சிட்டா புள்ள மனசுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு, கடைசியில அந்தக் கதையே சலிச்சுப் போயிடும்னாங்க. இன்னிக்கு யானைன்னு ஒரு தீம் எடுத்து யானைப் பாட்டு, யானைக் கணக்கு, யானை கிராஃப்ட்னு நாம பண்றதும் அதேதானே? சின்னப் புள்ளைக்கு ஒரு நாள் விளையாட்டா பண்ணா பரவால்ல, படிப்பே அப்படி ஆயிடக் கூடாது.

சரி, வீட்டுல எப்படிப் பண்றது? ஒரே சமயத்துல வேற வேற திசையில நாலஞ்சு புத்தகம் ஓடட்டும், ஒரு வரலாறு, ஒரு வாழ்க்கைக் கதை, பூச்சியோ பறவையோ பத்தி ஒண்ணு, ஒரு கதை, கொஞ்சம் பாட்டு. ஒவ்வொண்ணுலயும் நாளுக்கு சில பக்கம் போதும், மாசக்கணக்குல மெதுவா போகட்டும், ஒரே மூச்சுல முடிச்சா பக்கத்துல இருக்கற புத்தகத்தோட உரச நேரமே கிடைக்காது. ஒரு தடவ படிச்சதும் புள்ள தன் வார்த்தையில சொல்லட்டும், நடுவுல திருத்தாதீங்க. அப்புறம் நூற்றாண்டு நோட்டு, இதுவும் மேசன் வழியில வர்றதுதான், ஒரு நூற்றாண்டுக்கு எதிரெதிரா ரெண்டு பக்கம், படிக்கப் படிக்க யார் எங்க வர்றாங்கன்னு புள்ளையே எழுதி வரையணும். ஒரே பக்கத்துல ரெண்டு பேர் வந்து நிக்கறப்போ நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம்.

தப்பா இணைச்சிட்டா என்ன பண்றதுன்னு எல்லாரும் கேக்கறீங்க. எங்க பொண்ணு யவனர்னா ரோமானியர் மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தா, அடுத்த புத்தகத்துல கிரேக்கர்களையும் அப்படித்தான் சொன்னாங்கன்னு வந்துச்சு, அவளே அடிச்சு எழுதிகிட்டா. நாலு புத்தகம் ஓடற வீட்டுல தப்பு ரொம்ப நாள் தங்காது. ஒண்ணுமே இணைக்காம சும்மா படிக்கற புள்ளையும் இருக்கும், அதப் பாத்து பயப்படாதீங்க, வெளிய சொல்லலங்கறதுக்காக உள்ள நடக்கலன்னு அர்த்தமில்ல, சில புள்ளைங்க வருஷம் கழிச்சு சொல்லும்.

பரீட்சை பயம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூலுக்குப் போகாமலே பரீட்சை எழுத வழி குடுக்கற தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதான் என்.ஐ.ஓ.எஸ், அதுல பத்தாவது எழுத 14 வயசு ஆகணும். அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் உங்க கையில இருக்குன்னு கணக்குப் போட்டுப் பாருங்க, அத்தனையும் பரீட்சைக்கே குடுக்கணும்னு யாரும் கேக்கல. தன் வார்த்தையில சொல்லிப் பழகின புள்ளைக்கு கடைசி ஒரு வருஷம் கேள்வித்தாள் வச்சு பழக்கினாப் போதும்ங்கறது என் கருத்து, வேற மாதிரி நெனக்கறவங்க இப்பவே கை தூக்குங்க, பேசலாம்.