ரோஸ்டர் தந்திரம், கால் வலி, கடைசியில் வந்து சேர்ந்த அந்த மேட்!

வணக்கம் மக்களே! இன்றைக்கு எடிட்டிங் எல்லாம் கிடையாது, ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போகிறேன். இரண்டு விஷயம். எங்கள் மருந்துக் கடையில் புது ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு என்கிற பட்டியல், வந்துவிட்டது, பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. இன்னொன்று, மேட் வந்துவிட்டது! கவுன்ட்டருக்குப் பின்னால் தரையில் போடுகிற தடிமனான ரப்பர் மேட். அதற்காக நான் எவ்வளவு புலம்பினேன் என்று நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "வாரம் ஒரு நாள் லீவு தருகிறார்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். காலண்டரைக் கையில் எடுங்கள். இந்த வாரம் முதல் நாள் லீவு, அடுத்த வாரம் கடைசி நாள் லீவு. தாளில் பார்த்தால் இரண்டு வாரத்துக்கும் ஒவ்வொரு லீவு இருக்கிறது, கணக்கு சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எண்ணுங்கள், 12 நாள் தொடர்ந்து வேலை! பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 106-ஆம் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1957-இல் வந்தது. வணிகம், அலுவலகம் இரண்டிலும் வேலை செய்பவர்களுக்கானது. ஒவ்வொரு ஏழு நாளிலும் குறைந்தது 24 மணி நேரம் இடைவிடாத ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த ஏழு நாளை எங்கே தொடங்கி எண்ணுவது என்பதில்தான் ரோஸ்டர் போடுகிறவர்கள் விளையாடுகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத விஷயம். அதனால் ரோஸ்டர் கையில் கிடைத்ததும் நான் வாரக் கோடுகளைப் பார்ப்பதே இல்லை. ஒரு லீவிலிருந்து அடுத்த லீவு வரை விரல் வைத்து எண்ணுவேன். நீளமாக இருந்தால் அன்றைக்கே கூட வேலை செய்கிறவர்களிடம் மாற்றுக் கேட்டுவிட வேண்டும். பாதியில் போய்க் கேட்டால் யாராலும் தர முடியாது.

போன வீடியோவுக்கு ஒருவர் எழுதியிருந்தார்: "நின்றுகொண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் என்ன களைப்பு?" ஐயா, எடுத்துக் கொடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் மருந்து சரியா, வலிமை சரியா, இந்த வயதுக்கு இந்த டோஸ் சரியா, ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தோடு மோதுமா, சிறுநீரகம் தாங்குமா, ஒவ்வாமை இருக்கிறதா என்று எல்லாம் மண்டைக்குள் ஓட வேண்டும். அதுவும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது! கால் வலி வெளியே தெரியும், மூளை ஓய்ந்துபோவது தெரியாது.

அது நமக்கே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். 2003-இல் வெளியான ஒரு தூக்க ஆய்வை நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆரோக்கியமானவர்களை இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, 14 நாள் தொடர்ந்து சோதித்தார்கள். கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், இரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு வந்து நின்றது. ஆனால் "எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்று அவர்களையே கேட்டால், முதல் சில நாளில் கொஞ்சம் கூடியதோடு சரி, அப்புறம் பெரிய மாற்றம் இல்லை. அதாவது, பழகிவிட்டது என்று தோன்றும், பழகியிருக்காது. தொடர் வேலையின் பின்பாதியில் "இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று மனசு சொன்னால் நான் நம்புவதில்லை. தெளிவாக இருக்கிற நாளில் என்ன சோதனை செய்வேனோ, அதையேதான் எல்லா நாளும் செய்வேன்.

உதாரணத்துக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இரண்டும் 25 மில்லிகிராமில் வருகிறது, இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகிறது. அகர வரிசையில் அடுக்கினால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். களைத்த கண் முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் பெயரின் பின்பாதிக்குக் கீழே விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்கிறேன். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, எண்ணும்போது ஒரு முறை, கையில் கொடுக்கும்போது ஒரு முறை. நடுவில் போன் வந்தால் எண்ணியதை அப்படியே தட்டில் கொட்டிவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து. வரிசையில் நிற்பவர் முறைப்பார், பரவாயில்லை. கொடுக்கும்போது, "இதை எதற்காகச் சாப்பிடச் சொன்னார்கள்?" என்று அவர்களையே கேட்பேன். தப்பு எங்கேயாவது ஒளிந்திருந்தால் அந்தக் கேள்வியில்தான் மாட்டும்.

மெத்தோட்ரெக்சேட்டைச் சொல்லாமல் விட மாட்டேன். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறைதான். அதைத் தினமும் சாப்பிட்டு உயிரே போயிருக்கிறது. நான் லேபிளில் "வாரம் ஒரு முறை" என்று மட்டும் எழுத மாட்டேன். எந்தக் கிழமை என்று கேட்டு, கிழமையையும் எழுதுவேன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி!

சரி, மேட்! பிரித்து விரித்தேன், அருமையாக இருந்தது. காலை வைத்தால் லேசாக அமுங்கி, திரும்ப எழும்புகிறது. அப்புறம்தான் பார்க்கிறேன், கவுன்ட்டருக்குக் கீழே இருக்கிற அலமாரியின் கதவு திறக்கவில்லை. மேட்டின் தடிமனில் இடிக்கிறது! திரும்ப அனுப்ப வேண்டிய மருந்துகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மேட்டை ஒரு பக்கம் நகர்த்தினால் நான் நிற்கிற இடம் வெறுந்தரை. குறுக்காகத் திருப்பினால் நடக்கிற வழியில் ஓரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, யாராவது தடுக்கி விழுவார்கள். மண்டியிட்டு உட்கார்ந்து, கதவு திறக்கிற வளைவைச் சாக்பீஸால் மேட்டின் மேலேயே வரைந்தேன். பிறகு அளவுகோலை வைத்து, கட்டரால் அந்த மூலையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்தேன். வெட்டிய ஓரம் செங்குத்தாக நிற்கக் கூடாது, காலில் இடறும். அதனால் மேலிருந்து கீழே சரிவாக இழைத்துவிட்டேன். இப்போது கதவு ஒரு நூல் இடைவெளியில் மேட்டை உரசாமல் திறக்கிறது! எனக்கு வந்த சந்தோஷத்தில், தேவையே இல்லாமல் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். மேட் இருந்தாலும் அசையாமல் நின்றால் பயன் இல்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கிற ரத்தம் மேலே ஏறும். ஒரே நிலையில் நின்றால் அது கீழேயே தேங்கி, சாயங்காலம் கணுக்கால் வீங்கிவிடும். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், ஒரு காலைச் சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வையுங்கள். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ள காலுறை எனக்கு ரொம்பப் பிடித்த பொருள். ஆனால் காலையில் கால் வீங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனியில் அடைப்பு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது நின்ற களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

காபி பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகைபிடிப்பவர்களுக்கு வேகமாக வெளியேறிவிடும். ஆகவே பக்கத்தில் நிற்பவர் மாலையில் குடித்துவிட்டு நன்றாகத் தூங்குகிறார் என்று நீங்களும் குடிக்காதீர்கள். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் போனது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. தொடர் வேலை நாட்களில் நான் மதியத்தோடு நிறுத்திவிடுவேன்.

இன்னொன்று, இது நம் தொழில்காரர்களுக்கு மட்டும். தூக்கம் வரவில்லை என்று அலமாரியிலிருந்து டைஃபன்ஹைட்ரமினை, அதாவது தூக்கம் வரவழைக்கிற அந்த ஒவ்வாமை மருந்தை, எடுத்துப் போட்டுக்கொள்கிற பழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். சில நாளிலேயே தூக்கம் வரவழைக்கிற சக்தி குறைந்துவிடும். மறுநாள் காலை மந்தம் மட்டும் மிஞ்சும். அந்த மந்தத்தோடுதான் அடுத்தவருடைய மருந்துச் சீட்டைப் படிக்கப் போகிறீர்கள்!

உங்கள் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார ஸ்டூல் இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ ஸ்டூலைப் பற்றித்தான்.