மணி அடித்த பிறகு

வணக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசியதற்காக அபராதம் கட்டியவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். 1960களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினால் மரக்கட்டையால் அடி விழும். வீட்டில் அம்மா பேசும் மொழிதான்! மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகள் அவை. பையனுக்குப் பட்டறை, பெண்ணுக்குத் தட்டச்சு. அதற்கு மேல் ஆசைப்படச் சொல்ல ஆளில்லை. தினம் நடக்கிற அநியாயம் பழகிப்போகும், இல்லையா?

அந்தப் பழக்கம் உடைந்தது வகுப்பறைக்கு வெளியே. 1963இல் தொடங்கி, மாலிபு மலையோரத்தில் வார இறுதி முகாம் ஒன்று நடந்தது. பல பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, "உங்க ஸ்கூல்ல எப்படி?" என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்கு இந்த ஒரு கேள்விதான் முக்கியம். மதிப்பெண் போட யாருமில்லாத இடத்தில்தான் அதைக் கேட்க முடியும். 1967இல் பிரான்யா என்றொரு காபிக்கடையும் வந்தது. பேச்சு அங்கே தொடர்ந்தது, போலீஸ் தொல்லையோடு.

அப்புறம் நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வகுப்பைப் புறக்கணித்து வெளியேறுவது என்று பேசிப் பேசித் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். 1968 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. வில்சன் பள்ளியில் மாணவர்கள் போடவிருந்த நாடகத்தை முதல்வர் ரத்து செய்துவிட்டார். பிள்ளைகள் திட்டமாவது, தேதியாவது என்று அன்றைக்கே வெளியேறிவிட்டார்கள்! நாடகம் நடந்திருந்தால் எல்லாம் ஒழுங்காகத் திட்டப்படி நடந்திருக்கும். அடுத்த வாரம் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன், பெல்மான்ட் என்று ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். இருமொழிக் கல்வி வேண்டும், எங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள், மதிய இடைவேளையில் கழிப்பறையைப் பூட்டாதீர்கள்! ஆமாம், கழிப்பறையும்தான். கூடவே வெளியே வந்த லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ கைதானார், வேலையும் போனது. கல்வி வாரிய அறையிலேயே உட்கார்ந்து போராடித்தான் அவரைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்கிறேன். 2002இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து, பள்ளி முடிந்த பின் நடக்கும் மையங்களுக்கு அரசுப் பணம் ஒதுக்கினார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த மையங்கள் மாலை 6 மணி வரை இயங்குகின்றன. நல்லதுதான். ஆனால் முழு நேரத்தையும் வீட்டுப்பாடமே விழுங்கிவிடக் கூடாது. அந்தப் பழைய கேள்விக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம் வையுங்கள். பாடத்திட்டத்துக்குள் வைத்தாலே போதாதா என்றால், அரிசோனாவில் டூசான் நகரில் மெக்சிக அமெரிக்கர்களின் வரலாற்றுக்கென்றே வகுப்புகள் வைத்தார்கள். 2010இல் அதற்கு எதிராகச் சட்டம் போட்டு, 2012இல் அந்த வகுப்புகளுக்கு முடிவு கட்டினார்கள். அதில் இன வெறுப்பு இருந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னபோது 2017. அதற்குள் அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள்.