கோர்மென் நூல்: மூன்றாம் பதிப்பு போதுமா?

வணக்கம். என் கையில் இருக்கும் இந்த இரண்டு தடித்த புத்தகங்களும், கணினி அறிவியல் மாணவர்கள் ஆசிரியர் ஒருவரின் பெயரால் சுருக்கமாகக் ‘கோர்மென்’ என்று சொல்லும் ‘இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்’ என்ற அல்காரிதம் பாடநூலின் இரு பதிப்புகள். இது 2009இல் வந்த மூன்றாம் பதிப்பு. சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்தில், அதாவது 1985 தீ விபத்துக்குப் பிறகு மூர் மார்க்கெட் கடைகள் இடம் மாறிய அதே வளாகத்தில், பழைய புத்தகமாக வாங்கியது. மற்றொன்று 2022இல் வந்த நான்காம் பதிப்பு. அது கல்லூரி நூலகத்துக்குச் சொந்தமானது.

புதிய பதிப்பில் இருகூறு வரைபடப் பொருத்தம், ஆன்லைன் அல்காரிதம்கள், இயந்திரக் கற்றல் ஆகிய மூன்று அத்தியாயங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. ஃபிபனாச்சி ஹீப், வான் எம்டே போவாஸ் மரம் ஆகிய இரண்டு தரவுக் கட்டமைப்புகளைப் பற்றிய அத்தியாயங்களும் நீக்கப்பட்டிருக்கின்றன. இனி உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து அலகு அலகாகப் பாருங்கள். இளநிலைப் பாடத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் பிரித்து வெல்லுதல், கிரீடி முறை, டைனமிக் புரோகிராமிங், வரைபட அல்காரிதம்கள், என்பி முழுமை ஆகிய அனைத்தும் இரண்டிலும் இருக்கின்றன. ஆகவே தேர்வுக்காக மட்டும் படிப்பவர் புதிய பதிப்புக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து; இயந்திரக் கற்றல் அத்தியாயத்துக்காக வாங்க நினைப்பவரும், அதற்கென்றே எழுதப்பட்ட நூல் ஒன்றை வாங்குவது மேல்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய பக்கம், தலைப்புப் பக்கத்தின் பின்புறம். மறு அச்சு வேறு, புதிய பதிப்பு வேறு. சென்ற ஆண்டு ஒரு கடையில் ‘இது புது எடிஷன்’ என்று உறுதியாகச் சொல்லி நீட்டப்பட்ட பிரதியைத் திருப்பிப் பார்த்தபோது, அது மூன்றாம் பதிப்பின் மறு அச்சாகவே இருந்தது. (அட்டை மட்டும் பளபளவென்று இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.) நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணையும் ஒப்பிடுங்கள், பதிப்பு மாறினால் அந்த எண்ணும் மாறும். இந்தியாவில் மட்டும் விற்பதற்கென்று அச்சிடப்படும் மலிவுப் பதிப்புகளில் தாள் மெலிதாக இருப்பது பொருட்டல்ல. ஆனால் சில நூல்களின் சர்வதேசப் பதிப்பில் பயிற்சிக் கணக்குகளே மாற்றப்பட்டிருக்கும் என்பதால், ஓர் அத்தியாயத்தின் கணக்குகளையாவது ஆசிரியர் பயன்படுத்தும் பிரதியுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு உண்மையான தொல்லை எண் மாற்றம்தான். வரைபட அல்காரிதம்களில் ஒன்றான மினிமம் ஸ்பேனிங் ட்ரீ பாடம் மூன்றாம் பதிப்பில் 23ஆம் அத்தியாயம். நான்காம் பதிப்பில் அது 21. ஆசிரியர் எண்ணை மட்டும் சொல்லிப் பயிற்சி கொடுத்தால், நீங்கள் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டு போவீர்கள். அதற்காகத்தான் நூலகப் பிரதியை இரண்டு நாள் எடுத்துவந்து, இரண்டு பொருளடக்கங்களையும் அருகருகே வைத்து, எந்த அத்தியாயம் எதுவாக மாறியது என்று என் பழைய பிரதியின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். வேண்டியவர்கள் வீடியோவை இங்கே நிறுத்திப் படியெடுத்துக்கொள்ளலாம்.