பெரியம்மாவுக்கு உப்பு குறைந்த கதை

வணக்கம். யாங்கோனில் மழை விடவே இல்லை, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவைப் போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நிறைய பேர் விசாரித்தீர்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு 71 வயது. பெரியப்பா போனதிலிருந்து சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, காலையில் முகத்தில் தனக்கா, அதாவது இங்கே மரக்கட்டையை உரைத்து எடுக்கும் சாந்து, பூசுவதைக்கூட விட்டுவிட்டார். மனச்சோர்வு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு செர்ட்ரலின் கொடுத்தார்கள். கஞ்சி கொண்டுவருவது, மருந்து வாங்குவது எல்லாம் கூட இருக்கும் வீட்டு ஆள்தான். அந்த ஆள் நான்.

முதல் சில நாள் குமட்டல், வயிற்றுப்போக்கு. பலன் தெரிய இரண்டு, நான்கு வாரம் ஆகும், தொல்லை முன்னாடியே வந்துவிடும் என்று நர்ஸ் சயாமா சொல்லியிருந்தார். பத்தாம் நாள்தான் வேறு மாதிரி. தலை வலிக்கிறது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கஞ்சிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்குடா?" என்று கேட்டார்.

நோய் முற்றிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் நம்பினேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் இருக்கும் உப்பு, அதாவது சோடியம், 119. 135க்குக் கீழே போகக் கூடாது.

செர்ட்ரலின் வகை மாத்திரை சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, உடம்பில் தண்ணீரைத் தேக்கிவிடும். தண்ணீர் தேங்கத் தேங்க ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். பெரும்பாலும் முதல் மாதத்துக்குள் வரும். பிரஷருக்குச் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். பெரியம்மா பல வருஷமாகச் சாப்பிடுவது அதைத்தான். வீட்டிலிருந்து கொண்டுபோய் தினமும் காலையில் கொடுத்தது நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னும் மனதை அறுக்கிறது.

இரண்டையும் நிறுத்தி, குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுத்து, உப்பை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கே கேடாம். ஐந்தாம் நாள் பேச்சு தெளிந்தது. அப்புறம் ராத்திரிக்கு மிர்டசபின் என்று மனச்சோர்வுக்கே வேறு மாத்திரை. தூக்கமும் பசியும் வந்தன.

தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு உங்கள் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும், நோயும் திரும்பலாம். பெரியம்மாவை எழுந்து உட்கார வைத்ததும் மாத்திரைதான். வார்டில் கூட இருப்பவர்கள், நாட்டு மருந்து உட்பட அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் முதல் நாளே டாக்டரிடம் எடுத்துக் காட்டுங்கள். பேச்சு குழம்பினால், நடை தள்ளாடினால், சோடியம் பார்க்கலாமா என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

இன்று காலை தனக்காக் கட்டையைக் கேட்டு வாங்கி உரைத்தார். கை வலித்து ஒரு கன்னத்தோடு நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை மறுபடி ரத்தம் பார்க்கப் போகிறோம், வந்து சொல்கிறேன்.