அம்பலம் ஏறிய சொல்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோருக்கும் என் வணக்கம். ‘கணினி சொல்வதே கணக்கு என்றாகிவிட்ட காலத்தில், நாடாளுமன்றப் பின்வரிசை உறுப்பினரின் பேச்சு மக்களுக்குக் காப்பா, வெறும் பதிவா?’ என்பது இன்றைய தலைப்பு. பின்வரிசை உறுப்பினர் என்றால் அமைச்சர் போன்ற பொறுப்பில் இல்லாதவர். அவர் பேச்சு காப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு சான்றுகளை வைத்தார். 2012இல் நம் மாநிலங்களவையில் இணைய விதிகளை எதிர்த்து ஓர் உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது என்பது ஒன்று. பிரிட்டனில் கணினிக் கோளாறால் சிறைக்குப் போன அஞ்சலகக்காரர்களுக்கு நீதி தந்தது நீதிமன்றமும், அதன் பின் ஒரு தொலைக்காட்சித் தொடருமே தவிர நாடாளுமன்றப் பேச்சு அன்று என்பது மற்றொன்று. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியோடு அவர் அமர்ந்தார். அந்தப் பழமொழியை நான் மறுக்கவில்லை. ஏழையின் சொல் தானாக அம்பலம் ஏறாது என்பதால்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஏற ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

முதல் சான்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையத்தில் உள்ள ஒரு பதிவு பற்றிப் புகார் வந்தால், அதை ஏந்தி நிற்கும் நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. எது குற்றம், எது குற்றமன்று என்று தீர்மானிக்கும் வேலை இதனால் தனியார் நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. அந்த விதிகளை ரத்து செய்யக் கோரி, கேரளத்தைச் சேர்ந்த மார்க்சிஸ்ட் உறுப்பினர் பி. ராஜீவ் 2012 மே 17 அன்று மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி கட்சி வேறுபாட்டைக் கடந்து அவர் பக்கம் பேசினார். எல்லாத் தரப்பையும் கலந்து பேசுவதாக அமைச்சர் கபில் சிபல் உறுதியளித்தார். பின்னர் குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் வீழ்ந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவோரைத் தண்டிக்கும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை அடியோடு நீக்கியபோது, இந்த விதிகளையும் தொட்டது. நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டாலன்றி, யாரோ அனுப்பிய புகாரை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் தாமே நீதிபதியாக வேண்டியதில்லை என்று சொன்னது. மூன்றாண்டுகளுக்கு முன் அவையில் கைவிடப்பட்ட வாதத்தின் மையம் இதுதான். வாக்கெடுப்பின் முடிவை வைத்து மட்டும் ஒரு பேச்சின் பயனை அளப்பதை நான் ஏற்கவில்லை.

இரண்டாவது சான்றில்தான் நான் நின்று பேச விரும்புகிறேன், நடுவர் அவர்களே. ஏனென்றால் எதிரணி நண்பர் அந்தக் கதையைப் பின்பாதியிலிருந்து தொடங்கிவிட்டார்.

பிரிட்டனில் ஊர்க்கடையையும் அஞ்சலகத்தையும் ஒரே கூரையின் கீழ் நடத்துபவர்கள் சப்-போஸ்ட்மாஸ்டர்கள். அவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அல்லர். அஞ்சலக நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சொந்தப் பணத்தை முதலாகப் போட்டு நடத்துபவர்கள். அவர்களின் கணக்குகளைப் பார்க்க ‘ஹொரைசன்’ என்ற கணினி அமைப்பு 1999 முதல் புகுத்தப்பட்டது. அதை நடத்தியது ஃபுஜிட்சு நிறுவனம். கல்லாவில் இருக்கும் பணமும் கணினி காட்டும் தொகையும் பொருந்தாமல் துண்டு விழுந்தால், ஒப்பந்தத்தைக் காட்டி அந்தப் பணத்தை அவர்களே கட்ட வேண்டும் என்றது அஞ்சலக நிறுவனம். கட்ட முடியாதவர்கள் மீது காவல்துறையை நாடாமல் தானே வழக்குத் தொடுத்தது. 1999 முதல் 2015 வரை வழக்கைச் சந்தித்தவர்கள் 900க்கும் மேற்பட்டோர். அவர்களில் 700க்கும் அதிகமானோர் மீது வழக்குப் போட்டது அஞ்சலக நிறுவனமே.

ஒரே ஒரு காட்சியை மட்டும் கண்முன் கொண்டுவருகிறேன். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூர். அங்கே கடை நடத்திய ஒரு பெண்மணி கணக்கு முடிக்கும்போது 2,000 பவுண்டு குறைவதாகத் திரை காட்டுகிறது. உதவி எண்ணுக்குத் தொலைபேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்ல விசைகளை அழுத்துகிறார். அவர் கண்ணெதிரே அந்த 2,000 அப்படியே 4,000 ஆகிறது. கல்லாவிலிருந்து ஒரு நாணயம்கூட வெளியே போகவில்லை. திரையில் எண் மட்டும் இரட்டித்தது. ஆனால் திரையில் இருந்ததுதான் கடன் என்று எழுதிக்கொள்ளப்பட்டது. குறை வளர்ந்து 36,000 பவுண்டு ஆனது. திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப வேறு வழியின்றி, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். ஊர் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்; நீதிமன்றத்துக்கும் கூடவே வந்தார்கள். அவரைத் திருடி என்று நம்ப அந்த ஊர் தயாராக இல்லை. சட்டம் மட்டும் கணினியை நம்பியது.

சட்டம் ஏன் அப்படி நம்பியது என்பதையும் சொல்ல வேண்டும். கணினி தரும் ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்பதற்கு முன், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இங்கிலாந்தில் கோரியது. 1999இல் வந்த வேறொரு சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. ஹொரைசன் கிளை கிளையாகப் பரவிய அதே வேளையில், மறுத்துக் காட்டாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்ற அனுமானம் நீதிமன்றங்களில் குடியேறிற்று. ஒரு சிற்றூர்க் கடைக்காரர் ஃபுஜிட்சுவின் கணினியில் உள்ள பிழையை எப்படி மெய்ப்பிப்பார்? எங்கள் தெரு நியாயவிலைக் கடையில், விரல் ரேகை தேய்ந்துபோன மூதாட்டி ஒருவர் இயந்திரம் தம்மை ஏற்காததால் வெறும் பையோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். ‘நான்தானே வந்திருக்கிறேன்’ என்று அவர் சொன்ன சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அன்று எனக்குத் தோன்றிய கலக்கம்தான் இந்த வழக்கை நான் விடாமல் படித்ததற்குக் காரணம்.

எதிரணி நண்பர் கேட்டார்: அப்போது நீதிமன்றம் இருந்ததே, வழக்கறிஞர்கள் இருந்தார்களே, அவர்கள் காக்கக் கூடாதா? காக்கவில்லை, நண்பரே. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம்தான் தண்டித்துக்கொண்டே இருந்தது. காரணம், ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து நின்றார்கள். ‘உங்கள் ஒருவருக்குத்தான் இந்தச் சிக்கல், வேறு யாரும் சொல்லவில்லையே’ என்று உதவி எண்ணில் பதில் பெற்றவர்கள், தம்மைப் போல் நூற்றுக்கணக்கானோர் அதே சொல்லைக் கேட்டார்கள் என்பதை அறியவே இல்லை. 2009இல் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ் ஏழு பேரின் கதையை ஒன்றாக அச்சிட்டது. அதே ஆண்டில், பாதிக்கப்பட்ட முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டரான ஆலன் பேட்ஸ் முன்னின்று பாதிக்கப்பட்டோரைத் திரட்டத் தொடங்கினார். இவ்விரண்டின் பெருமையையும் நான் குறைக்க மாட்டேன். ஆனால் பூட்டியிருந்த நிறுவனத்தின் கதவை எது திறந்தது என்பதே கேள்வி.

அந்தப் பெண்மணியின் தொகுதி உறுப்பினர் ஜேம்ஸ் ஆர்பத்நாட். முன்னாள் அமைச்சர், பாதுகாப்பு நிலைக்குழுவின் தலைவராக இருந்தவர். செல்வாக்கே இல்லாத எளியவர் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆயினும் அந்த ஆண்டுகளில் அவர் அமைச்சரவையில் இல்லை; ஆளும் கட்சியின் பின்வரிசையில் இருந்தார். தன் கட்சி அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டார். தம் தொகுதியிலும் இப்படி ஒருவர் உண்டா என்று பார்க்கும்படி மற்ற உறுப்பினர்களைக் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதில் சேர்ந்தார்கள். தொகுதி என்ற ஏற்பாட்டின் அருமை இங்கேதான் விளங்குகிறது: நாடு முழுவதும் சிதறிக் கிடந்த தனித்தனி அவமானங்கள், ஒரு மேசையில் ஒரே புகாராகக் கூடின.

2012இல் அந்த உறுப்பினர்கள் அஞ்சலக நிறுவனத்தின் தலைமையைச் சந்தித்து வற்புறுத்தியதன் பயனாக ‘செகண்ட் சைட்’ என்ற தனி ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களின் 2013 ஜூலை இடைக்கால அறிக்கை எச்சரிக்கையான அறிக்கைதான். அமைப்பு முழுவதும் பழுது என்று அது சொல்லவில்லை. ஆனால் இரண்டு கோளாறுகளால் 76 கிளைகளில் கணக்குத் தவறியதை அது வெளியே கொண்டுவந்தது. அதே மாதம், நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்ன ஒரு வழக்கறிஞர், கணினி நம்பகமானது என்று நீதிமன்றங்களில் சான்று சொல்லி வந்த ஃபுஜிட்சு நிபுணர் தமக்குத் தெரிந்த பிழைகளை மறைத்தார் என்று எழுத்தில் தெரிவித்தார். அந்தக் கோடைக்குப் பிறகு புதிய வழக்குகள் அருகிப்போயின. இல்லாவிட்டால் அடுத்து கூண்டில் ஏறியிருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. காப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

2014 டிசம்பர் 17 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விவாதம் நடந்தது. அது நாடாளுமன்றத்தின் துணை அவை. அங்கே வாக்கெடுப்பு இல்லை, ஆட்சி கவிழாது. பாதிக்கப்பட்டோரின் புகார்களைப் பேசித் தீர்க்க அமைத்த சமரசத் திட்டத்தை நிறுவனம் நடத்தும் விதத்தில் தமக்கு நம்பிக்கை அற்றுவிட்டது என்பதை ஆர்பத்நாட் அங்கே விளக்கினார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் கெவன் ஜோன்ஸ் உள்ளிட்டோர் தத்தம் தொகுதியினரின் கதைகளை எடுத்துரைத்தனர். அவதூறு வழக்குக்கு அஞ்சாமல் ஒரு பெருநிறுவனத்தைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டக்கூடிய இடம் அவை. அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே தீர வேண்டிய இடமும் அதுதான்.

மறுநாளே எதுவும் மாறிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2015 மார்ச்சில் நிறுவனம் அந்த ஆய்வாளர்களையே விலக்கிவிட்டது. நீதிக்காகக் காத்திருந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்தின் முன் எந்த வாதமும் சிறியது. பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பர் 16 அன்று நீதிபதி ஃபிரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளைப் பாதித்தன என்று தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது; சவுத் வார்ன்பரோ பெண்மணியும் அவர்களில் ஒருவர். 2024 ஜனவரியில் அந்தத் தொடர் ஒளிபரப்பாகி நாடே கொதித்தெழுந்தது உண்மை. அந்தத் தொடரிலேயே ஆர்பத்நாட் ஒரு கதாபாத்திரம் என்பதை எதிரணி நண்பர் சொல்ல மறந்துவிட்டார். கொதித்தெழுந்த மக்களின் கோரிக்கை போய்ச் சேர்ந்த இடமும் நாடாளுமன்றமே. எஞ்சியிருந்தோரின் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024 மே மாதம் அங்கேதான் நிறைவேறியது.

நீதிபதிக்கு முன் ஆய்வாளர்கள் வந்தார்கள்; ஆய்வாளர்களுக்கு முன் ஒரு தொகுதி உறுப்பினர் வந்தார்; அவருக்கு முன், எண் இரட்டித்ததைக் கண்ணால் கண்ட ஒரு கடைக்காரப் பெண் இருந்தார். இந்த வரிசையில் நடுவில் நிற்கும் உறுப்பினரை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணின் சொல் கடை வாசலைத் தாண்டியிருக்காது. விவாதம் நடந்தது 2014 டிசம்பர் 17. நீதிபதி ஃபிரேசரின் தீர்ப்பு 2019 டிசம்பர் 16. ஐந்தாண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. தீர்ப்பு எழுதும் முன் இந்த இரண்டு நாள்களின் ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், நடுவர் அவர்களே, என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.