கொலராடோவில் ஓநாய்: செத்த மாடும் எடை குறைந்த கன்றும்

[காட்சி: பனி மூடிய புல்வெளி. கூண்டின் கதவு திறக்கிறது. ஓர் ஓநாய் வெளியே பாய்கிறது.]

வணக்கம். 2023 டிசம்பர் 18 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆளுநர் ஜாரெட் போலிஸ் முன்னிலையில் ஐந்து ஓநாய்கள் கிராண்ட் மாவட்டத்தில் விடப்பட்டன. அங்கே பூர்விகமாக இருந்த ஓநாய்கள் 1940-களிலேயே அழிக்கப்பட்டுவிட்டன. பிற்காலத்தில் அண்டை மாநிலமான வயோமிங்கின் எல்லையைத் தாண்டித் தாமாக வந்தவை சில உண்டு. ஆனால் கொலராடோவில் அரசே ஓநாய்களைப் பிடித்துவந்து விட்டது இதுவே முதல் முறை.

இதற்குக் காரணம் ஒரு வாக்கெடுப்பு. 2020 நவம்பரில் மக்கள் முன் வைக்கப்பட்ட 114-ஆம் முன்மொழிவு, 2023 முடிவதற்குள் ஓநாய்களைக் கொண்டுவர வேண்டும் என்றும், அவற்றை ராக்கி மலையின் நீர்ப்பிரிமேட்டுக்கு (ஆறுகளைக் கிழக்காகவும் மேற்காகவும் பிரிக்கும் முகட்டுக்கு) மேற்கே விட வேண்டும் என்றும் கோரியது. பதிவான 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 57,000 வித்தியாசத்தில் அது நிறைவேறியது. டென்வர், போல்டர் போன்ற கிழக்குப் பக்க நகரங்கள் ஆதரித்தன. ஓநாய் வந்து சேரவிருந்த மேற்குச் சரிவின் பெரும்பாலான மாவட்டங்கள் எதிர்த்தன. அங்குள்ள பண்ணையாளர்களின் கோபத்தில் பாதி ஓநாயின் மீது என்றால், மறுபாதி இந்தக் கணக்கின் மீது. போதாக்குறைக்கு, விடப்பட்ட ஐந்தில் இரண்டு, ஓரிகன் மாநிலத்தில் மாடுகளைத் தாக்கிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை.

[காட்சி: மேய்ச்சல் நிலத்தில் தாய்ப்பசுவும் கன்றும்.]

அவர்கள் அஞ்சியபடியே, 2024 ஏப்ரலில், பசுக்கள் ஈனும் பருவத்தில், கிராண்ட் மாவட்டத்தில் கன்றுகள் சாகத் தொடங்கின. இனி நடப்பதைச் சற்று நெருக்கமாகப் பார்ப்போம், ஏனெனில் பண்ணையாளருக்கும் அரசுக்கும் இடையிலான தகராறு முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. செத்த கன்றின் தோலை வனவிலங்குத் துறையினர் உரித்துப் பார்க்கிறார்கள். உயிரோடிருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரியும். தானாகச் செத்த பிறகு ஓநாய் தின்றிருந்தால் அந்த இரத்தக்கட்டு இருக்காது. பின்தொடையிலும் முன்னங்காலின் அக்குளிலும் கடி இருக்கிறதா, கோரைப்பல் தடங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அளந்த பிறகுதான் 'ஓநாய் கொன்றது' என்று எழுதுகிறார்கள். கழுகும் கரடியும் முந்திக்கொண்டால் உரிப்பதற்குத் தோலே மிஞ்சாது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேயும் மந்தையில் ஒரு கன்று செத்ததே பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

உறுதியானால், சந்தை விலைப்படி, ஒரு விலங்குக்கு அதிகபட்சம் 15,000 டாலர் வரை அரசு இழப்பீடு தருகிறது. தாராளமான தொகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓநாய் சுற்றும் நிலத்தில் உயிரோடிருக்கும் மாடும் நட்டத்தைத் தருகிறது என்பது பண்ணையாளர்களின் வாதம். மிரண்ட மந்தை ஒழுங்காக மேயாது. பசுக்கள் சினை பிடிப்பது குறையும். இலையுதிர் காலத்தில் எடைக்கு விற்கப்படும் கன்று மெலிந்து வரும். கொலராடோவின் விதிகள் இதையும் ஏற்கின்றன. 2024-ஆம் ஆண்டின் இழப்புக்காகக் கிராண்ட் மாவட்டப் பண்ணைகள் கேட்டுப் பெற்ற 3 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கும் மேற்பட்ட தொகையில் பெரும்பகுதி, செத்த மாடுகளுக்கானது அல்ல. எடைக் குறைவுக்கும் சினைக் குறைவுக்கும் உரியது. பழைய ஆண்டுகளின் எடைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களால்தான் இதைக் கேட்க முடிந்தது.

[காட்சி: வேலிக் கம்பியில் காற்றில் ஆடும் சிவப்புத் துணிகள்.]

தடுக்க வழியே இல்லையா என்றால், உண்டு. சிவப்புத் துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கம்பியில் மின்சாரமும் பாய்ச்சினால் ஓநாய் தயங்கும். இரண்டு மூன்று மாதங்களில் அதற்குப் பழகியும்விடும். கன்று ஈனும் சிறிய அடைப்புக்கு அது போதும், மலைமேல் மேய்ச்சலுக்குப் போதாது. செத்த மாடுகளைத் திறந்த குழியில் போட்டு ஓநாயை ஈர்க்கும் பழைய வழக்கத்தை விடுவது, என் கணிப்பில், இவற்றிலெல்லாம் மலிவான தற்காப்பு. குதிரையில் மந்தையைச் சுற்றிவரும் 'ரேஞ்ச் ரைடர்' காவலர்களையும் அரசு 2025-இல் பணியமர்த்தியது.

எதுவும் பலிக்காதபோது கொல்வதா என்ற கேள்வி வருகிறது. தாக்கிக்கொண்டிருக்கும் ஓநாயை உரிமையாளர் சுடலாம் என்று கூட்டாட்சி விதி அனுமதிக்கிறது. ஆனால் அந்த நொடியில் அங்கே இருப்பவர் யார்? 2024-இல், கிராண்ட் மாவட்டத்தில் மாடுகளைத் தாக்கிவந்த காப்பர் கிரீக் என்ற ஓநாய்க் கூட்டத்தின் ஆண் ஓநாயைக் கொல்லும்படி பண்ணையாளர்கள் கேட்டபோது, குட்டிகள் பட்டினியால் சாகும் என்று துறை மறுத்தது. அந்தக் கூட்டத்தைப் பிடித்து அடைத்தபோது, ஏற்கெனவே குண்டடிபட்டிருந்த அந்த ஆண் ஓநாய் செத்தது. தாயும் குட்டிகளும் 2025 ஜனவரியில் வேறிடத்தில் விடப்பட்டன. அவை விடப்பட்ட பிட்கின் மாவட்டத்தில் மீண்டும் மாடுகள் தாக்கப்பட, மே மாதம் அக்கூட்டத்தின் ஓர் இளம் ஓநாயைத் துறையே சுட்டது. தொல்லை தந்த கூட்டத்தை இடம் மாற்றியதால் தொல்லையும் இடம் மாறியது.

[காட்சி: மலைச்சரிவில் எல்க் மான் கூட்டம்.]

வேட்டையாடுவோரின் கவலை எல்க் மான்களைப் பற்றியது. ஏறத்தாழ 3 லட்சம் எல்க் வாழும் கொலராடோவில், வனவிலங்குத் துறையின் வருவாயில் பெரும்பங்கு வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. 1995-இல் ஓநாய்கள் திரும்பிய யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடக்கு எல்க் மந்தை, ஏறத்தாழ 19,000-இலிருந்து 2013-இல் 4,000-க்கும் கீழே போனதை அவர்கள் சுட்டுகிறார்கள். எண்கள் சரியானவை. ஆனால் அதே காலத்தில் கரடியும் மலைச்சிங்கமும் பெருகின, வறட்சி வந்தது, பூங்காவுக்கு வெளியே பெண் எல்க்குகளையும் மனிதர்கள் நிறையச் சுட்டார்கள். யெல்லோஸ்டோனை ஒட்டிய மொன்டானா மாநிலம் முழுவதையும் எடுத்தால், இன்றைய எல்க் எண்ணிக்கை 1995-ஐ விட அதிகம். ஆகவே மாநிலக் கணக்கு பொய்யில்லை. தம் வழக்கமான பள்ளத்தாக்கில் மான் குறைந்துவிட்டது என்று ஒரு வேட்டைக்காரர் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

கொலராடோ திட்டத்தின்படி மொத்தம் 30 முதல் 50 ஓநாய்கள் கொண்டுவரப்பட வேண்டும். குறைந்தது 50 ஓநாய்கள் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நிலைத்தால் அவற்றின் மாநிலப் பாதுகாப்பு நிலை ஒரு படி தளரும்; 150 ஓநாய்கள் இரண்டு ஆண்டுகள் இருந்தாலோ, எப்போதாவது 200-ஐ எட்டினாலோ, அவை மாநிலப் பட்டியலிலிருந்தே நீங்கும்.