கண்ணுக்குள் ஒரு பாப்பா
(நகரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஆந்திர எல்லை ஊரான இந்த நகரியில் பேசுவதில் ஒரு வசதி உண்டு. தமிழில் நான் பாதி சொன்னால் மீதியைத் தெலுங்கில் நீங்களே முடித்துவிடுவீர்கள். இன்றைக்கு அது தேவைப்படும்.

கருவிழியின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அதற்குத் தமிழில் பாவை என்று பெயர். வீட்டுப் பேச்சில் கண்பாப்பா. தெலுங்கில் கனுபாப. "பாப" என்றால் குழந்தை. சரி, கண்ணில் ஏது குழந்தை?

பக்கத்தில் இருப்பவரின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் உற்றுப் பாருங்கள். தெரிந்தவராக இருந்தால் மட்டும்! கறுப்புக்குள் குட்டியாக ஓர் ஆள் தெரிவார். அது நீங்கள்தான். விழியின் முன்னால் இருக்கும் கார்னியா வெளிப்பக்கம் குவிந்தது. குவியாடியைப் போல உங்களைச் சிறிதாக, நேராகக் காட்டுகிறது. அதன் பின்னால் இருப்பது வெறும் துளை. நல்ல வெயிலில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும், இருட்டில் 8 வரை விரியும். உள்ளே போன வெளிச்சம் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதால் அது கறுப்பு. கறுப்பின் மேல் பிம்பம் எடுப்பாகத் தெரிகிறது. துளைக்குப் பெயர் தேடியவர்கள் அதில் தெரிந்த பொம்மையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

லத்தீன்காரரும் இதைத்தான் செய்தார்கள். "பூப்பா" என்றால் சிறுமி, பொம்மை. அதன் செல்ல வடிவம் "பூப்பில்லா". ஆங்கிலத்தின் பியூப்பில் அதன் வழி வந்தது. பாப்பா, பூப்பா என்று ஒலி ஒத்துப்போவதால் உடனே சம்பந்தம் பேசக் கிளம்பிவிட வேண்டாம். கிரேக்கத்தில் "கோரே", அதாவது பெண். ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்டது மட்டும் ஒன்றே. இரண்டு பாவையும் அளவில் வேறுபட்டால் டாக்டர் "அனைசோகோரியா" என்று எழுதுவாரே, அதற்குள் இருப்பவள் இந்தக் கோரேதான். மலையாளிகள் கிருஷ்ணமணி என்பார்கள். கிருஷ்ண என்றால் கறுப்பு. அவர்கள் பார்த்தது கறுப்பை.

நம்மிடம் மணியும் உண்டு, பாவையும் உண்டு. வள்ளுவர் இரண்டையும் ஒரே அடியில் வைத்தார்:

கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும்
திருநுதற்கு இல்லை இடம்.

காதலன் தன் கண்ணில் இருக்கும் பாவையை, குடியிருப்பவரிடம் சொல்வது போல, "காலி செய்" என்கிறான். அவன் விரும்புகிறவளுக்கு இடம் வேண்டுமாம். உரைகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு ஒரு சந்தேகம். அவள் எதிரே வந்து நின்றால், அவன் கண்ணில் பாவையாகத் தெரிவது யார்? அவளேதானே! அப்படியானால் யாரைக் கிளம்பச் சொல்கிறான்?

(முன்வரிசையில் ஓர் அம்மா தெலுங்கில் "பாபம்!" என்றார், நம் "ஐயோ பாவம்!"தான். அப்புறம் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது.)